ஆனந்தமேரி டீச்சர் வீடு திரும்புகிறார்

அத்தியாயம் 11

திருச்சூரில் கிளம்பி, பழனியில் பஸ் மாறி, திண்டுக்கல்லில் வினோலியா இறங்கியபோது பேருந்து நிலையத்தில் டீக்கடைகள் சுறுசுறுப்பாக இருந்தன. அவள் டீ குடிக்கவில்லை. நேராக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

முந்தின நாள் போனில் அம்மா சொன்ன ஒரு வாக்கியம்தான் அவளை இப்படி இழுத்துக்கொண்டு வந்தது. "வினோ, எனக்குக் காலே இல்லாத மாதிரி இருக்குடி."

அதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காகப் போவதாகத்தான் அவள் நம்பியிருந்தாள். போன மாதம் அம்மா ஆனந்தமேரி, தனியாக இருக்கும் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு வினோலியா வந்திருந்தாள். கம்பி வைத்து முடித்து, அம்மா கண் விழித்துப் பேசிய பிறகுதான் திருச்சூருக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து தம்பி ரொனால்டு போனில் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் இன்னும் விடவில்லை.

வினோலியாவுக்கு அது உறுத்தாமல் இல்லை. திருச்சூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டுக்கு அவள்தான் பொறுப்பு நர்ஸ். அங்கே இப்படி ஆபரேஷன் ஆனவர்களை மறுநாளே கட்டிலோரம் நிற்க வைத்துவிடுவார்கள். அந்த வாரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு ஊர் பழக்கம் வேறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாலாவது வாரம் நடக்கும்போது அந்தச் சமாதானம் செல்லவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் வியர்வையும் பவுடரும் கலந்த வாடை வந்தது. ஆனந்தமேரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முகம் ஒரு பிடி ஆகியிருந்தது. மகளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. அதை மறைக்க, தலையணையைச் சரிசெய்வதுபோல் கையை அசைத்தார்.

இந்த அம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையாக இருந்தவர். காலை பிரேயரிலிருந்து கடைசி மணி வரைக்கும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று பழைய மாணவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

வினோலியா போர்வையை விலக்கினாள். டயப்பர் கட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டாள். பாத்ரூமுக்கு யார் தூக்கிக்கொண்டு போவது, நர்ஸ் பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். வினோலியா இடது காலைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தாள்.

குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. ஓரத்தில் ஈரம் கசிந்தது. படுக்கைப்புண்.

தன் வார்டில் ஒரு நோயாளிக்கு இப்படி வந்தால் அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பவள் அவள். இங்கே யாரைக் கேட்பது?

மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் கீர்த்தனாவைத்தான் முதலில் பிடித்தாள். கீர்த்தனா வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. பயந்துபோய்ச் சொன்னாள். நடக்கப் பழக்கும் பிசியோ சார் வந்தாராம். டீச்சர் வலிக்கிறது என்றாராம். அம்மாவைக் கஷ்டப்படுத்த வேண்டாம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரொனால்டு சார் சொல்லிவிட்டாராம். அப்புறம் பிசியோ சார் இந்தப் பக்கம் வருவதே இல்லையாம்.

வினோலியா டாக்டர் வரும்வரை காத்திருக்கவில்லை. அவர் அறைக்கே போனாள்.

டாக்டர் ஈஸ்வரன் காலை ரவுண்ட்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் யார், எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. எங்கள் அம்மாவை எதற்காக இத்தனை நாள் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டாள்.

அவர் அவளை வியப்போடு பார்த்தார். "நான் எங்க பிடிச்சு வெச்சேன் சிஸ்டர்? தையல் பிரிச்ச அன்னைக்கே கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிட்டேனே. உங்க தம்பிதான் வீட்ல பாத்துக்க ஆள் இல்ல, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னாரு. ரூம் காலியா இருந்துச்சு. சரின்னேன்."

வழியெல்லாம் வினோலியா சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் இந்த மனிதருக்கானது. இப்போது அது வேறு ஆளைத் தேடியது. ஆனாலும் இவரையும் விட அவளுக்கு மனமில்லை. எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவோம் என்றாள்.

அதில் அவருக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் ஊரில் அனுப்பினால் பின்னாலேயே வீடு தேடி நர்ஸ் போவார், இங்கே யார் போவார் என்று கேட்டார். அவர் படிக்கிற காலத்தில் தையல் பிரிக்காமல் யாரையும் வெளியே விடுவதில்லை. இப்போது நடக்க வைத்து அனுப்புவதுதான் முறை, அது அவருக்கும் தெரியும். ஆனால் அனுப்பியவர்கள் திரும்பி வருகிறார்களே, அதை யாரிடம் சொல்வது?

"நெய்க்காரப்பட்டிப் பக்கம் இருந்து வர்றவங்க மறுநாளே கிளம்பி நிப்பாங்க. மாடு கட்டிக் கிடக்குதுங்க, தண்ணி பாய்ச்சணுங்கன்னு. போய் வரப்புல நடந்து, சீழ் வெச்சுத் திரும்பி வருவாங்க. டவுன்காரங்க நேர் எதிர். நான் போகலாம்னு சொன்னா, பிள்ளைங்க முகம் வாடிப் போகும். இருக்கட்டுமே சார்னு கெஞ்சுவாங்க. எலும்பு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கூடுது. வீடுதான் ஒரே மாதிரி இல்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"போகலாம்னு எங்கம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"உங்க தம்பிகிட்டச் சொன்னேன்."

"அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும் டாக்டர். புத்தி தெளிவா இருக்கு. ஒரு ஸ்கூலையே நடத்துனவங்க. அவங்க உடம்பைப் பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

டாக்டர் ஈஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு போனை எடுத்து, பிசியோவை உடனே அந்த அறைக்குப் போகச் சொன்னார். குதிகால் புண்ணைத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். வினோலியா நன்றி சொல்லாமல் வெளியே வந்தாள்.

ரொனால்டு இட்லித் தூக்கோடு மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தான். திருச்சி ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். கடை திறக்குமுன் தினமும் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவருவதில் அவன் ஒரு நாளும் தவறியதில்லை. அக்காவைப் படியில் பார்த்ததும் நின்றுவிட்டான். அவள் முகத்தைப் பார்த்த உடனே அவனுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"டாக்டர் விடலைன்னு சொன்னியேடா. தினம் போன்ல சொன்னியே."

அவன் மெதுவாகப் பேசச் சொன்னான். அவள் மெதுவாகப் பேசவில்லை. குதிகாலைப் பார்த்தாயா, டயப்பரைப் பார்த்தாயா, தினமும் வருகிறவன் போர்வையை ஒரு நாளாவது தூக்கிப் பார்த்தாயா என்று அடுக்கினாள். படியில் ஏறிய ஒரு குடும்பம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது.

"நீ பேசுவக்கா," என்றான் ரொனால்டு. "மீன்கொழம்பு கொடுக்கலாம்னு சாயந்தரம் போனேன். காலையில விழுந்தவங்க அதுவரைக்கும் ஈரத்துல கெடந்தாங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப் போயிருச்சு. பக்கத்து வீட்ல டிவி சத்தம். யாருக்கும் கேக்கல. அதைப் பாத்தவன் நான். இங்க படுத்திருந்தா மணி அடிச்சா ஆள் வரும். எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

அவன் இருப்பது இரண்டாவது மாடி வாடகை வீடு. மனைவி ஜெனிட்டாவுக்குக் காந்திகிராமத்தில் வேலை. விடிந்து போனால் இருட்டித்தான் வருவாள். அம்மாவை எந்த வீட்டில், யாரை நம்பி வைப்பது என்று கேட்டான். நீ திருச்சூரில் இருந்துகொண்டு கேள்வி மட்டும் கேட்பாய் என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை வினோலியாவுக்கு வலித்தது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"படுத்தே கெடந்தா காலு செத்துப் போகும்டா. நெஞ்சுல சளி கட்டும். கீழ விழுந்து தப்பிச்சவங்க கட்டில்ல படுத்துச் செத்ததை நான் கண்ணால பாத்திருக்கேன். உனக்குப் பயம்னா எங்கிட்டச் சொல்லணும். அம்மாகிட்டச் சொல்லணும். டாக்டர் தலையில போட்டு, எங்க ரெண்டு பேரையும் முட்டாளாக்கியிருக்க. வா. உள்ள வந்து அம்மா முன்னாடி சொல்லு."

அவன் தயங்கினான். அவள் தூக்கை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.

படியில் நடந்த பேச்சு ஆனந்தமேரியின் காதில் பாதியாவது விழுந்திருந்தது. எப்படியோ தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரொனால்டு. டாக்டர் என்னை எப்பப் போகச் சொன்னாரு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"தையல் பிரிச்ச அன்னைக்கும்மா."

ஆனந்தமேரி அவனையே பார்த்தார். கண் கலங்கவில்லை.

"இம்புட்டு நாளும் அந்த மனுசன மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன். ஜெயில்ல போட்டாக் கூட எப்ப விடுவோம்னு தேதி சொல்லுவாங்க. நான் பெத்த பிள்ளை எனக்கு அதைக்கூடச் சொல்லல. நான் படுத்துக் கெடந்தேன். இனிமே நடக்கவே மாட்டேன் போல, அதான் விடமாட்டேங்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். உனக்கு அது தெரியுமாடா?"

ரொனால்டு அழுதுவிட்டான். அம்மா அவனைத் தேற்றவில்லை.

வினோலியா இதுதான் சமயம் என்று அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். திருச்சூருக்கு வண்டி பேசிவிடலாம், என் பக்கத்திலேயே இருங்கள், நான் நடக்க வைக்கிறேன் என்றாள்.

"நிறுத்து," என்றார் ஆனந்தமேரி. "நீ எங்கிட்டக் கேட்டியா?"

வினோலியா கையில் சேலையோடு திரும்பினாள்.

"அவன் என்னைக் கேக்காம இங்க வெச்சான். நீ என்னைக் கேக்காம அங்க கொண்டு போற. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? நான் என் வீட்டுக்குப் போறேன். உங்க அப்பா கட்டுன வீடு. இன்னைக்கே போறேன்."

வினோலியா சேலையை மடித்து வைத்தாள்.

பிசியோ வாக்கரோடு வந்தார். முதல் தடவை எழுந்தபோது ஆனந்தமேரியின் கால்கள் வெட வெட என்று ஆடின. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. ரொனால்டு போதும் என்று பதறினான். அம்மா அவனை வெளியே போகச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார். மத்தியானத்துக்குள் கட்டிலிலிருந்து கதவு வரை போய்த் திரும்பினார். பிறகு பாத்ரூமுக்கு மகள் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். வெளியே வந்ததும் டயப்பர் பொட்டலத்தைக் குப்பைக் கூடையில் போடச் சொன்னார்.

டாக்டர் ஈஸ்வரன் வந்து குதிகால் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார். இந்த முறை எல்லாவற்றையும் ஆனந்தமேரியைப் பார்த்தே சொன்னார். எதைச் சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், என்ன ஆனால் உடனே வர வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி முடித்தார். ஆனந்தமேரி கேட்டுக்கொண்டார். சில சந்தேகங்களைக் கேட்கவும் செய்தார்.

டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ரொனால்டு இரண்டு மூன்று தடவை வேறு யோசனை சொல்லிப் பார்த்தான். இன்று ஒரு நாள் எங்கள் வீட்டில் இருக்கலாம், மாடிக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிவிடுகிறேன் என்றான். பூட்டிக் கிடந்த வீடு, தூசியாக இருக்கும் என்றான். நான் சுத்தம் செய்துகொள்கிறேன் என்று வினோலியா சொன்னாள். அவன் முகத்தில் இருந்த கலவரம் வெறும் குற்ற உணர்ச்சி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

காரை அவன்தான் ஓட்டினான். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனான். இந்தப் பக்கம் இல்லை என்று அம்மா பின் சீட்டிலிருந்து சொன்னார். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். என்னமோ சொல்லப் போகிறான் என்று வினோலியா காத்திருந்தாள். அவன் சொல்லாமல் வண்டியைத் திருப்பினான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் வினோலியாவின் கண்ணில் முதலில் பட்டது கொடிதான். அதில் வரிசையாகக் குழந்தைத் துணிகள் காய்ந்தன.

கதவு திறந்தே இருந்தது. சத்தம் கேட்டு ஒரு இளம்பெண் வெளியே வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள், இன்னொரு கை அடிவயிற்றில் இருந்தது. உள்ளே பச்சைக் குழந்தை அழுதது.

"யாருங்க வேணும்?" என்று கேட்டாள்.

ஆனந்தமேரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது என் வீடும்மா."

அந்தப் பெண் குழம்பிப்போய்ப் பின்னால் நின்ற ரொனால்டைப் பார்த்தாள். "சாரோட அம்மாவா? நீங்க மக வீட்டுக்கு, கேரளாவுக்கே போயிட்டீங்க, இனிமே வரமாட்டீங்கன்னு சார் சொன்னாங்களே."

வினோலியா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காரை விட்டு நகரவே இல்லை. எப்படியும் அக்கா கூட்டிப்போய்விடுவாள் என்று நினைத்தேன், வீடு காலியாக இருந்தால் அம்மா மறுபடி தனியாக இருக்க அடம்பிடிப்பார், அதனால்தான் வாடகைக்கு விட்டேன் என்று முனகினான்.

"நான் எங்கயும் போகலம்மா," என்றார் ஆனந்தமேரி, அந்தப் பெண்ணிடம். "இந்த ஊர் ஆஸ்பத்திரிலதான் படுத்துக் கெடந்தேன். போகலாம்னு எனக்கு யாரும் சொல்லல."

அந்தப் பெண்ணின் பெயர் பாஸிலா. கணவர் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். அன்றைக்கும் லோடோடு போயிருந்தார். அவள் அம்மா மறுநாள்தான் வருவாராம். காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இதையெல்லாம் கேட்காமலே வேகமாகச் சொன்னாள். சொல்லும்போதே கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

ஆனந்தமேரியின் கோபத்துக்கு அந்த வாசலில் போக இடமில்லாமல் போயிற்று. பத்து நிமிடம் முன்புவரை வீட்டுக்குள் யார் இருந்தாலும் வெளியே போகச் சொல்லியிருப்பார். இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

வினோலியா அதற்குள் படியேறிப் பாஸிலாவின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். அனலாகக் கொதித்தது. பிரசவம் ஆபரேஷனா என்று கேட்டாள். பாஸிலா ஆமாம் என்றாள். எப்போது வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டாள். பிரசவ வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், பிள்ளையை வைக்க இடமில்லை, தரையில் படுக்கப் பயமாக இருந்தது, தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நாலாம் நாளே வந்துவிட்டதாகச் சொன்னாள். வினோலியா உள்ளே கூட்டிப்போய்த் தையலைப் பார்த்தாள். ஓரம் பிரிந்து, சீழ் வடிந்திருந்தது.

அவள் வெளியே வந்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், இன்றைக்கு ஒரு நாள் விட்டாலும் ஆபத்து என்று சொன்னாள்.

ஆனந்தமேரி யோசிக்கவில்லை. ரொனால்டைக் காரைத் திருப்பச் சொன்னார். பாஸிலாவின் கணவருக்குப் போன் போடச் சொன்னார். குழந்தையைத் துணியில் சுற்றி வினோலியா எடுத்துக்கொண்டாள். பாஸிலா காரில் ஏறுமுன் திரும்பி, அடுப்பில் கஞ்சி இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள் என்று ஆனந்தமேரியிடம் சொன்னாள். அதைக் கேட்டு அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

வினோலியா காருக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள். அம்மாவையும் காரில் ஏறச் சொன்னாள். பக்கத்து வீட்டிலாவது உட்கார்ந்திருங்கள் என்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு நீ வேணும். எனக்கு யாரும் வேணாம். போ."

அவள் ஏறிக்கொண்டாள். ரொனால்டு மட்டும் ஓட்டுநர் கதவைப் பிடித்தபடி நின்றான். தனியாக எப்படியம்மா என்று ஆரம்பித்தான்.

"நீ எங்கிட்டப் பேசாத. வண்டிய எடு."

ஆனந்தமேரி வாக்கரை உள்பக்கம் திருப்பினார். ஒரு படி. மூச்சு வாங்க நின்றார். இன்னொரு படி. வீட்டுக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. ரொனால்டு கார் சாவியைத் திருகும்போது, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.